விட்டதும் விடுபட்டதும்

நம் இல்லங்களில் முதியவர் ஒருவர், "இன்று முதல் எனக்குக் கீரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், அதன்மேல் ஒருவரும் ஒரு சொல் கேட்பதில்லை. 'நியமம் எடுத்துக்கொண்டார்' என்று நமக்குள் சொல்லிக்கொண்டு கைகூப்பி ஒதுங்கிவிடுகிறோம். எத்தனை நாளைக்கு, எதன் பொருட்டு, யார் முன்னிலையில் என்னும் வினாக்கள் எழுவதில்லை; எழுந்தாலும், கேட்பது அபசாரம் என்று அடக்கிக்கொள்கிறோம். பிற வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் இனிப்புக்குக் கைநீட்டும் வயதில், நம் வீட்டு முதியோர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருவது நமக்குப் பெருமையாகவும் இருக்கிறது. அப்பெருமையில் யாமும் பங்குகொண்டவரே.

அறிந்து விட்டது நோன்பு. அறியாமல் விடுபட்டுப் போனதற்கும் நோன்பு என்னும் பெயர் பொருந்துமா? பொருந்தாதெனில், அதனை நோன்பென்று போற்றிய நமக்கு அதில் பொறுப்பு இல்லையா? இவ்வினாக்களை ஏட்டில் படித்து எழுப்பவில்லை. எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றே எழுப்பிற்று. அதனை மறைக்காமல் சொல்லிவிட்டுப் பிறகு சாத்திரத்திற்கு வருவோம்.

எம் அண்ணியார் வந்தவாசிக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் வாழ்பவர். கிழங்கு வகைகளை அறியாத நாக்கு. பொழுது சாய்ந்தபின் உண்டறியாத வயிறு. இவை நம்மில் பலர்க்கும் பிறவி வழக்கம், பெருமைக்குரிய செய்தியன்று. 2011இல் எம் தமையனார் மறைந்தபின் அண்ணியார் அட்டமி, சதுர்த்தசி நாள்களில் ஒருவேளை உணவு என்று வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, மழைக்காலத்தில் இலைகளில் சிற்றுயிர்கள் மிகுதியாதலின், சாதுர்மாஸ்யம் நான்கு மாதமும் கீரையை விட்டார். நான்கு மாதம் முடிந்தது. கீரை மட்டும் திரும்ப இலைக்கு வரவில்லை. பிறகு பாலும் தயிரும் நின்றன. ஆறு இரசங்களுள் ஒன்றிரண்டை விடுதல் நம் மரபில் உள்ளதுதானே என்று எவரும் வியக்கவில்லை. பருப்பு வாயு என்று அதுவும் குறைந்தது. 2016ஆம் ஆண்டளவில் அவர் இலையில் இருந்தவை குழைந்த சோறும், தெளிந்த மிளகுநீரும், ஒரு துளி நெய்யுமே.

அவ்வாண்டு மகாவீரர் ஜெயந்தியன்று நடந்த மகளிர் கூட்டத்தில் பேச எம்மை அழைத்திருந்தனர். தவம் பற்றிப் பேசினோம். எடுத்துக்காட்டுக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் அண்ணியார் அமர்ந்திருந்தார். அவர் இலையை வருணித்தோம். கைதட்டல் எழுந்தது. அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அஃது அடக்கம் என்றே அன்று எண்ணினோம்.

மறு ஆண்டு அவர் ஜினாலயத்தின் ஐந்து படிகளை ஏறி நின்று மூச்சு வாங்கினார். முகம் வெளிறி மஞ்சள் பூத்தது. நாக்கு வழவழவென்று சிவந்து, மிளகுநீர் எரிகிறது என்றார். பஞ்ச நமஸ்கார மந்திரத்தை நூற்றெட்டு முறை எண்ணுபவர் நடுவில் எண்ணிக்கையை மறந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். மூன்றாம் முறை மறந்ததும் மாலையை வீசிவிட்டு மருமகளைக் கடிந்துகொள்வார். வாழ்நாளில் குரலுயர்த்தாத பெண்மணி. 'வயதாகிவிட்டது' என்றனர் வீட்டார். 'ஊழ்' என்றார் ஒருவர். நாற்பதாண்டுக்காலம் பிள்ளைகளுக்கு உடல்நூல் பாடம் நடத்திய யாமும் வயது என்றே சொன்னோம். இதில் எமக்கு வரும் வெட்கம் இன்னும் தீரவில்லை.

திருவண்ணாமலையில் எடுத்த இரத்தச் சோதனை வேறொன்று சொல்லிற்று. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்திருந்தன. இரும்புச்சத்துக் குறைந்தால் அணுக்கள் சிறுக்கும், இங்கு நேர்மாறு. எலும்பு மஜ்ஜையில் ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் மரபுப்பொருள் முதலில் இரட்டிக்க வேண்டும். அவ்வேலைக்கு ஃபோலேட் என்னும் பி வகை வைட்டமின் வேண்டும். அது போதாதபோது அணு வளர்கிறது, பிரிய இயலாமல் பெருக்கிறது, முதிராமலே மடிகிறது. நாக்கின் மேற்றோலும் குடலின் உட்தோலும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுபவை ஆதலின், அவையும் உடன் நலிகின்றன.

ஃபோலேட் என்னும் பெயரே இலையிலிருந்து வந்தது. 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஆய்வாளர் மூவர் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து இப்பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலைக்கு இலத்தீனில் உள்ள 'ஃபோலியம்' என்னும் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஆயினும் இலையில் மட்டுமே உள்ளதன்று. வேகவைத்த 100 கிராம் பச்சைப்பயற்றில் ஏறத்தாழ 160 மைக்ரோகிராமும், கொண்டைக்கடலையில் 170ம், காராமணியில் 200ம் உண்டு. வெள்ளைச் சோற்றிலும் மோரிலும் இருப்பது மிகச் சொற்பம். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் வகுத்த அளவின்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 300, பெண்ணுக்கு 220 மைக்ரோகிராம் வேண்டும். நீரில் கரைவது, வெப்பத்தில் அழிவது ஆதலின், கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டும் வீட்டில் கீரை உண்டும் பயன் பாதியே.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது என்பதை நம் இதழில் சொல்லாமல் கடத்தல் நேர்மையன்று. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, நூல் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கொடிய இரத்தசோகையால் மடிவதன் காரணத்தை ஆராய்ந்தார். அப்பெண்கள் உண்டதைப் போன்ற எளிய உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தார், அவையும் சோகையுற்றன. மார்மைட் என்று கடைகளில் விற்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது நோய் தீர்ந்தது, பெண்களும் பிழைத்தனர். 1931இல் அதனை வெளியிட்டார். அந்தச் சாற்றில் ஒளிந்திருந்தது ஃபோலேட் என்பது பின்னாளில் தெரிந்தது. கூண்டுக் குரங்கின் துன்பம் இவ்வறிவின் அடியில் கிடக்கிறது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட நாம் அதன் பயனை நுகர்கையில் இதனை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நினைத்ததால் மருந்தை மறுக்க வேண்டும் என்று யாம் சொல்லவில்லை.

அதற்குமுன் சோகைக்கு மேனாட்டார் கண்டிருந்த மருந்து விலங்கின் ஈரல். 1926 முதல் நோயாளிகள் நாள்தோறும் ஈரலை உண்டு பிழைத்தனர். நம்மவர்க்கு அவ்வழி அடைத்த வழி. 1945இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாபிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். ஸ்ப்ரூ என்னும் தீராக் கழிச்சல் நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். அந்நோயின் சோகையையும் இம்மருந்தே தீர்த்தது. எவ்வுயிரின் ஊனும் கலவாத மருந்து ஒன்றை நமக்குத் தந்தவர் என்று அவரை நம் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கலாம். யாம் பணியிலிருந்த காலத்தில் எந்தப் பாடநூலிலும் அவர் பெயரை எதிர்கொண்டதில்லை.

இன்னொரு மருத்துவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் செயல் நம் நோன்புக்கு அருகில் வருகிறது. பாஸ்டன் நகர மருத்துவர் விக்டர் ஹெர்பர்ட் 1961இல் ஃபோலேட் நீங்கிய உணவைத் தாமே உண்டு பார்க்கத் துணிந்தார். ஒவ்வோர் உணவும் மும்முறை வேகவைக்கப்பட்டு, மும்முறையும் நீர் வடித்துக் கொட்டப்பட்டது. மூன்றே வாரத்தில் இரத்தத்தின் ஃபோலேட் அளவு தாழ்ந்தது. ஆயினும் உடம்பு ஒன்றும் காட்டவில்லை. நான்காம் மாதத்தில் உறக்கம் கெட்டது, மறதி வந்தது, எரிச்சல் மிகுந்தது. ஐந்தாம் மாதத்தின் நெருக்கத்தில் சோகை வெளிப்பட்டது. மருந்து உண்ணத் தொடங்கிய இரண்டு நாளில் மறதியும் எரிச்சலும் மறைந்தன. அப்போது அவருக்கு வயது முப்பதுகளில்.

நான்கு மாதம் என்று படித்தபோது யாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். ஆடி முதல் கார்த்திகை வரையிலான நம் சாதுர்மாஸ்யத்தின் கால அளவும் அதுவே அன்றோ! கீரையை மட்டும் விட்டுப் பயறு பருப்புகளை உண்பவர்க்கு இந்த நான்கு மாதத்தில் ஒரு கேடும் வாராது. நம் முன்னோர் வகுத்த முறையில் குறையில்லை. கார்த்திகையில் கீரை இலைக்குத் திரும்பிவிடும். அம்முறையின் கரை உடைந்து, நான்கு மாதம் நான்கு ஆண்டாகி, கீரையோடு பருப்பும் போன இடத்தில்தான் கேடு நுழைந்தது. முப்பதுகளில் இருந்த மருத்துவர்க்கு நான்காம் மாதம் வந்த எரிச்சலை உடற்குறை என்றார்கள். எழுபத்தெட்டு வயது அண்ணியார்க்கு வந்ததை யாம் குணக்கேடு என்றோம். ஹெர்பர்ட் தாம் விட்டது இன்னது, அதனால் நேர்வது இன்னது, நிறுத்தும் நாள் இன்னது என்று அறிந்திருந்தார். தம் இரத்தத்தைப் பார்த்துவந்தார். அவருடைய பட்டினியைத் தவம் என்று சொல்ல யாம் வரவில்லை. ஆனால் அதற்குக் கண் இருந்தது.

இவற்றையெல்லாம் படித்துத் தெளிந்துவிட்டதாக எண்ணிய யாம் செய்தது என்ன? நேரே மருந்துக்கடைக்குச் சென்றோம். 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை. விலையோ மிக மலிவு. ஒரு நாளைத் தேவையைப்போல் இருபது மடங்குக்கு மேல் உள்ள அம்மாத்திரையை நாள்தோறும் ஒன்றாக அண்ணியார்க்குக் கொடுத்தோம். மருத்துவரைக் கேட்கவில்லை. சில வாரங்களில் நாக்கு ஆறிற்று, முகம் தெளிந்தது, படியேறினார். ஊரார் எம்மைப் புகழ்ந்தனர். யாமும் அப்புகழை மறுக்கவில்லை. இடையில் அவர், "காலுக்குக் கீழே பஞ்சு வைத்தாற்போல் இருக்கிறது, டீச்சரம்மா" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். நடந்து பழகாமையால் என்று விடைசொன்னோம். ஏழாம் மாதம் இருட்டில் எழுந்து நடந்தவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

புதுவையில் நரம்பு மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "பி12 பார்த்தீர்களா?" என்பது. பார்க்கவில்லை. ஃபோலேட்டும் பி12ம் மஜ்ஜையில் ஒரே வேலையில் கைகோத்து நிற்பவை. எது குறைந்தாலும் சிவப்பணு பெருக்கும். அணுவைப் பார்த்து எது குறைந்தது என்று சொல்ல இயலாது. பி12 குறைந்தவர்க்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். ஆனால் நரம்பைக் காப்பது பி12 மட்டுமே. இரத்தம் தேறியதைக் கண்டு நாம் மகிழ்ந்திருக்க, உள்ளே தண்டுவடமும் கால் நரம்புகளும் மெல்லக் கெட்டுக்கொண்டே போகும். பி12 தாவர உணவில் இல்லை. நம்மவர்க்கு அது கிடைக்கும் வாயில் பாலும் தயிரும்தாம். அண்ணியார் அவற்றையும் விட்டிருந்தார். முதுமையில் இரைப்பையின் அமிலம் குறைவதால் உண்ட உணவிலிருந்தும் அதனைப் பிரித்துக்கொள்ள இயலாமற் போவதுண்டு. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உண்போர்க்கும் இக்குறை வரும். ஃபோலேட் இருப்பு நான்கு மாதத்தில் தீரும். பி12 இருப்பு ஈரலில் சில ஆண்டுகள் தாங்கும். ஆகவே முன்னது முன்னும் பின்னது பின்னுமாக வந்தன. நோயாளி ஒருவரே, குறைகள் இரண்டு, யாம் கண்டது ஒன்று.

ஊசி மருந்து போட்டனர். எண்ணிக்கை மறத்தல் நின்றது. கால் மரத்தல் பாதியளவே நீங்கிற்று. இன்றும் கைத்தடியின்றி அவர் நடப்பதில்லை.

இனிச் சாத்திரத்துக்கு வருவோம். உண்ணாமை, குறைத்து உண்ணல், இரசம் விடுதல் ஆகியவற்றை நம் ஆகமங்கள் புறத்தவம் என்று வகுத்தன. அகத்தவத்துக்கு ஏணியாதலே புறத்தவத்தின் பயன். தியானத்துக்கும் ஓதலுக்கும் மனம் நிலைக்கும்பொருட்டு வயிற்றை அடக்குகிறோம். வயிற்றை அடக்கியதன் விளைவாக மந்திரத்தின் எண்ணிக்கையே மறந்து போகுமாயின், ஏணி எங்கே சாய்ந்தது என்று பார்க்க வேண்டாவா? தீர்த்தங்கர நாமகருமத்துக்கு ஏதுவாகச் சொல்லப்பட்ட சோடச பாவனைகளில் தியாகமும் தவமும் 'ஆற்றலுக்கு ஏற்ப' என்னும் அடையோடுதான் கூறப்பட்டுள்ளன. அவ்வடை அலங்காரத்துக்காக வைத்ததன்று. ஆற்றலுக்கு ஏற்பச் செய்ய வேண்டுமானால் ஆற்றல் எவ்வளவு என்று அறிந்திருக்க வேண்டும். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளில் ஞானத்துக்கு அடுத்தே ஒழுக்கம் வருவதன் கருத்தும் இதுவே என்று கொள்கிறோம்.

அன்பர் ஒருவர் எம்மிடம் வாதிட்டார். "உடல் வேறு, உயிர் வேறு. அணுவின் அளவையும் வைட்டமினின் அளவையும் பார்த்துக்கொண்டிருப்பது உடற்பற்று அன்றோ? எப்படியும் வீழ்வதுதானே? முதியவர் மெல்ல மெல்ல உதிர்வது சல்லேகனைக்கு ஆயத்தம் என்று கொண்டால் என்ன?" என்றார். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா என்னும் அந்நோன்பைத் தற்கொலைக்கு இணை வைத்தபோது நம்மவர் நாடெங்கும் அமைதி ஊர்வலம் சென்றதும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கும். அந்நோன்பின் மேன்மையை யாம் ஐயுறவில்லை. மேன்மையுடையது ஆதலாலேயே அதன் பெயரைக் கண்ட இடத்தில் ஒட்டலாகாது என்கிறோம்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் சல்லேகனைக்கு உரிய காலங்களைக் கூறுகையில் இடையூறு, பஞ்சம், முதுமை, நோய் என நான்கைச் சொல்லி, அவை பரிகாரம் அற்றவையாக இருத்தல் வேண்டும் என்றார். தமிழில் அதன் வழிநூலாகிய அருங்கலச்செப்பைப் பயின்றோரும் இதனை அறிவர். பச்சைப்பயற்றாலும் ஒரு மாத்திரையாலும் தீரும் குறை பரிகாரமற்ற நோயாகுமா? அவ்வாசாரியர் வாழ்விலேயே இதற்கு விடை உண்டு என்று மரபுக்கதை கூறும். எவ்வளவு உண்டாலும் தீராத பசியாகிய பஸ்மக நோய் அவரைப் பற்றியது. துறவியின் ஒருவேளை உணவால் அதனைத் தாங்க இயலாமல், சல்லேகனைக்கு ஆசிரியரிடம் இசைவு கேட்டார். ஆசிரியர் இசையவில்லை. நோய் தீரும் வரை துறவுக் கோலத்தையே களைந்து, உண்டு தேறி, மீண்டு வருக என்று பணித்தார். அவர் காஞ்சியில் உண்டார் என்றும் காசியில் உண்டார் என்றும் இருவகையாகச் சொல்வர். உண்டு, தேறி, மீண்டும் தீட்சை பெற்றார் என்பதில் வேறுபாடில்லை. உணவைத் துறப்பதற்கு விதி வகுத்த பெருமகன், உணவை ஏற்றுக்கொள்ளப் பணிக்கப்பட்டு அப்பணியை ஏற்றவர் என்பது எமக்கு வாதத்தினும் வலிய விடையாகப் படுகிறது.

அதே நூல், போகங்களைக் கட்டுப்படுத்தும் உறுதி இருவகை என்கிறது: கால எல்லை உடையது நியமம், உயிருள்ளளவும் கொள்வது யமம். அண்ணியாருடையது இவ்விரண்டில் எது என்று அறிய விரும்பி, கை முறிந்து படுத்திருந்த நாள்களில் ஒரு பிற்பகல் அவரிடமே கேட்டோம். முன்னமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அண்ணி, கீரையை யார் முன்னால் விட்டீர்கள்? முனிவர் யாரேனும் நியமம் தந்தாரா?"

நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "யாரும் தரவில்லை. அந்த வருஷம் கடைவாய்ப்பல் இரண்டும் விழுந்தது. கீரை நார் சிக்கும். பருப்பு வேகாவிட்டால் மெல்ல முடியாது. எனக்கென்று தனியே குழைய வைக்கச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேலை. அவளும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவள். பொழுதிறங்குவதற்குள் எனக்கு வேறு வடித்துப் போட வேண்டும். விட்டுவிட்டேன் என்றால் யாரும் கேட்கமாட்டீர்கள்."

"பால்?"

"பேரனுக்குப் போதவில்லை."

சற்றுப் பொறுத்து மேலும் சொன்னார்: "நீ மேடையில் சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு எப்படித் திரும்பக் கேட்பது?"

அந்தக் கூட்டத்தில் அவர் முகத்தை மூடிக்கொண்டது எதனால் என்று அப்போதுதான் விளங்கிற்று. அவருடைய மருமகள் கொடுமைக்காரியல்லள். ஒரு வாய்ச்சொல் கேட்டிருந்தால் அன்றே செய்திருப்பாள். கேளாமையை அண்ணியார் நோன்பு என்னும் போர்வையால் மூடினார். அப்போர்வையை அவிழ்க்க இயலாதபடி முடிச்சிட்டது எம் சொற்பொழிவு. விரதம் என்று வந்துவிட்டால் நம் சமுதாயத்தில் எவரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எத்தனை வீடுகளில் எத்தனை முதியோர் இதனை அறிந்திருக்கின்றனரோ!

நம் நால்வகைத் தானங்களில் உணவும் மருந்தும் முன் நிற்கின்றன. ஆசனமிட்டு, முறைப்படி எதிர்கொண்டு, முனிவர்க்கு ஆகாரதானம் செய்கையில் எவ்வளவு கவனம்! அவர் கைக்குள் விழும் ஒவ்வொரு கவளத்தையும் நூறு கண்கள் நோக்குகின்றன. வீட்டு மூலையில் அமர்ந்து உண்ணும் மாமியாரின் இலையை நோக்கும் கண் ஒன்றுதானும் வேண்டும் என்று யாம் சொன்னால், மரபை மீறியதாகுமா?

செய்யத்தக்கவை நம் விதிகளுக்குள்ளேயே இருக்கின்றன. பயற்றை முளைகட்டி உண்ணச் சொல்வர் உணவு நூலார். முளையில் உயிர் பல என்று விலக்கும் நாம் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை, முளைகட்டாத பயறே போதும். ஊறவைத்து, குழைய வேகவைத்து, அந்நீரை வடிக்காமல் கடைந்தால் பல்லில்லா வாயும் ஏற்கும். கீரைக் காலத்தில் கீரையையும் அவ்வாறே மூடி, சிறிது நேரமே வேகவைத்து மசிக்கலாம். மருந்தென்று வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வைட்டமின்கள் பல கேப்சூல் உறையில் வருகின்றன, அவ்வுறை பெரும்பாலும் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுத்த ஜெலட்டின். மாத்திரையாகவே தருமாறு கேட்கலாம். வலிப்புக்கு ஃபெனிடாயினோ, மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டோ உண்பவர்க்கு ஃபோலேட் குறையும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை வாங்கிக் கொடுக்கலாகாது. எம்மைப் போன்ற படித்தவர்க்கே இதனை முதற்கண் சொல்ல வேண்டும்.

அண்ணியார் தயிரை மீண்டும் ஏற்றுக்கொண்டார். தாம் நோன்பை முறித்துவிட்டதாக முதலில் கலங்கினார். எடுக்காத நியமத்தை முறிப்பது எப்படி என்று கேட்டோம். அவ்விடை அவருக்கு நிறைவளித்ததா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சில நாள் மௌனமாகவே உண்டார்.

சென்ற ஆண்டு ஆடிமாதம் எமக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார். கைத்தடியூன்றி ஜினாலயம் வந்து, அருகன் திருமுன் நின்று, எம்மையும் மருமகளையும் இருபுறமும் நிறுத்திக்கொண்டார். "இன்றிலிருந்து கார்த்திகைப் பௌர்ணமி வரைக்கும் கீரை விடுகிறேன். அது வரைக்கும்தான்" என்று உரக்கச் சொன்னார். மருமகள் நாட்காட்டியில் அந்நாளைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னாள். திரும்பிப் படியிறங்குகையில் அவள் தோளைப் பற்றிக்கொண்டு, "கீரைக்குப் பதிலாகப் பச்சைப்பயறு வை. நன்றாகக் குழைய வேண்டும். உப்புக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்றார்.